பதின்மூன்றாவது பருப்பு

கண்ணை மூடிக்கொண்டுதான் தேடுவார். தட்டில் கிடக்கும் மஞ்சள் கொழுப்பை இடது கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக உருட்டுவார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். வாய், முந்தின நாள் கால்பந்தாட்டத்தில் நடுவர் செய்த அநியாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பேச்சு சட்டென்று நிற்கும். "வந்துட்டான்" என்பார். கத்தி முனையால் ஒரு கீறல். மைசூர்ப் பருப்பு அளவில், சாம்பல் நிறத்தில் ஒன்று வெளியே வரும். கண்ணைத் திறந்து அதை ஒரு முறை பார்த்து, தனியே எடுத்து வைத்துவிட்டு, மறுபடி நடுவரைத் திட்டப் போய்விடுவார்.

மதாம் தவ்ஹீதாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அலெக்சாந்திரியாவில் டிராம் பாதையை ஒட்டிய ஒரு பெரிய மருத்துவமனையில், திசுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடமாக வேலை. குடலில் புற்றுநோய் வந்தவர்களுக்கு அறுவை செய்து எடுக்கும் துண்டு அவர் மேசைக்குத்தான் வரும். ஒரு சாண் குடல், அதை ஒட்டி விரிந்த கொழுப்பு. அந்தக் கொழுப்புக்குள் நிணநீர் முடிச்சுகள் ஒளிந்திருக்கும். நோய் குடலைத் தாண்டிக் கிளம்பிவிட்டதா இல்லையா என்று அவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மதாம் அவற்றைப் பருப்பு என்பார். வேலைப் பட்டியலின்படி அவர் கத்தி கழுவ வேண்டும், ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். தேடுவது டாக்டர்களின் பொறுப்பு. பயிற்சிக்கு வரும் டாக்டர்கள் கால் மணி நேரம் பிசைந்து பார்ப்பார்கள். "மதாம், இதுல ஒன்னுமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார்கள். அவர்கள் சோப்புப் போட்டு முடிப்பதற்குள் இவர் நாலு எடுத்து வைத்திருப்பார்.

துண்டுகள் கெடாமல் ஊறவைக்கும் ஃபார்மலின், முப்பத்தொரு வருடத்தில் அவருடைய மூக்கைத் தின்றுவிட்டது. மல்லிகையும் ஒன்றுதான், அழுகிய மீனும் ஒன்றுதான். அதனால் உலகம் முழுவதையும் விரலால்தான் சோதிப்பார். மீன் சந்தையில் அவரைக் கண்டதும் வியாபாரிகள் நல்ல மீனை முன்னால் நகர்த்தி வைப்பார்கள். இல்லாவிட்டால் கூடை முழுவதையும் அமுக்கிப் பார்த்துவிடுவார் என்ற பயம். அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்க அரை மணி நேரம். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். காய்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மதாம், வெண்டைக்கா வாங்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார். இவர் தலையை நிமிர்த்தவில்லை. "பொண்ணுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டேன். எம் மருமவள அஞ்சே நிமிஷத்துல பாத்து முடிச்சேன். இன்னும் அனுபவிக்கிறேன்."

என்னை அவர் கணக்கு வாத்தியார் என்று கூப்பிடுவார். நான் யாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் எண்ணிப் பிழைப்பவன் என்பது உண்மை. நகரத்தின் எட்டு மருத்துவமனைகளில் நடக்கும் குடல் புற்றுநோய் அறுவைகளைப் பதிந்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான், மதாமின் கூடத்துக்கு இரண்டு மாடி மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தின் வேலை. எத்தனை பேருக்குத் தைத்த இடம் விட்டுப்போயிற்று, எத்தனை பேரை மறுபடி மேசையில் ஏற்ற வேண்டியிருந்தது, எத்தனை பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள், எத்தனை பேர் வயிற்றில் நிரந்தர மலப்பையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒரே ஊர், ஒரே நோய், ஒரே கடல் காற்று. ஆனால் டிராமில் எந்த நிறுத்தத்தில் இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மாறும். இதை எடுத்துச் சொல்லப் போகும் இடங்களில் எனக்குத் தேநீர் கொடுப்பார்கள், நாற்காலி கொடுக்க மாட்டார்கள். தங்களிடம் வருவதெல்லாம் முற்றிப்போன நோயாளிகள், மற்ற இடங்களுக்குப் போவதெல்லாம் சுலபமானவர்கள் என்று எட்டு மருத்துவமனைகளும் ஒரே குரலில் சொல்லும். அப்படியானால் அந்தச் சுலபமானவர்கள் எங்கேதான் போகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் அளப்பவற்றில் முடிச்சுகளின் எண்ணிக்கையும் ஒன்று. குறைந்தது பன்னிரண்டு முடிச்சுகளைத் தேடி எடுத்துப் பார்த்தால்தான், நோய் பரவவில்லை என்ற பேச்சை நம்பலாம் என்று ஒரு கணக்கு உண்டு. ஐந்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தம் என்பது, சமையலறையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டில் திருடன் இல்லை என்று சொல்வதைப் போன்றது. முதல் வருடம் நான் ஒரு பட்டைப்படம் போட்டேன். பன்னிரண்டில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பச்சை, கீழே சிவப்பு. எட்டில் ஆறு சிவப்பு. அதோடு விடாமல், பன்னிரண்டுக்குக் குறைந்த ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, மாதக் கடைசியில் அந்தந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினேன். இளமை முறுக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

மதாமின் கூடம் பச்சையில்தான் இருந்தது. ஆனாலும் நடுநடுவே அவருக்கும் வட்டம் போனது. ஒன்பது என்று எழுதியிருந்த ஒரு ரிப்போர்ட்டில் வட்டம் போட்டதற்காக இரண்டு மாடி ஏறி என் அறைக்கே வந்துவிட்டார். அந்த மனுஷனுக்கு ஆண்டவன் ஒன்பதுதான் வைத்தான், மீதி மூன்றை நான் என் வீட்டிலிருந்து கொண்டு வந்து போடவா என்று கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அவர் என் மேசையில் இருந்த சிவப்புப் பேனாவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் வருடம் எட்டு மருத்துவமனைகளும் பச்சை. என் வாழ்நாளில் எண்களைப் பார்த்துக் கண் கலங்கியது அன்றுதான். கூட்டம் போட்டார்கள், கேக் வெட்டினார்கள். முன்மாதிரி ஊழியர் என்று மதாமுக்குத் தங்க நிறச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும், கூடத்தின் தலைவர் டாக்டர் லபீபுக்கு அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் கிடைத்தன. டாக்டர் லபீப் தன்னுடையதைத் தன் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார். மதாம் தன்னுடையதால் தேநீர் டம்ளரை மூடி வைப்பார், ஈ விழாமல் இருக்க.

அந்தக் கூட்டத்தில் மதாம் கேக்கைத் தின்றபடியே என் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார். எட்டு மருத்துவமனைகள், இருநூற்றுச் சொச்சம் பேர். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"என்ன வாத்தியாரே, ஊர்ல எல்லார் வயித்துலயும் எண்ணி வெச்ச மாதிரி பன்னெண்டா? பன்னெண்டு, பன்னெண்டு, பதிமூணு, பன்னெண்டு. பேக்கரில அடுக்கின பன்னு மாதிரில்ல இருக்கு. பன்னெண்டு வந்ததும் கத்திய கீழ வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடுறாங்க. நீங்க ஒரு கோடு போட்டீங்க, ஊரே அதுமேல ஏறி உக்காந்துடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருட உழைப்பை ஒரு வாய் கேக்கோடு மென்று விழுங்கிவிட்டார். வார விடுமுறையான வெள்ளியும் சனியும் வீட்டில் உட்கார்ந்து எண்களை மறுபடி அடுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பதினொன்று என்ற எண்ணே ஊரில் இல்லாமல் போயிருந்தது. பன்னிரண்டில் ஒரு குவியல். அதைத் தாண்டினால் ஆளரவம் இல்லை. நல்ல மனிதனாக இருந்தால் அங்கேயே நிறுத்தி என்னை நொந்துகொண்டிருப்பேன். நான் நல்ல மனிதன் இல்லை. இந்த அம்மா மட்டும் என்ன ஒழுங்கு என்று தோன்றியது. அவர் கையால் தேடிய ஜாடிகளின் சீட்டில் அவர் கையொப்பக் கீறல் இருக்கும். அவற்றை மட்டும் தனியே பிரித்து எழுதினேன். கோடு போடுவதற்கு முன்: ஒன்பது, இருபத்து மூன்று, பதினேழு, முப்பத்தொன்று, பதினான்கு. கோடு போட்ட பிறகு: பன்னிரண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தாளை அவருடைய தேநீருக்குப் பக்கத்தில் வைத்தபோது எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

"யாரோட கை இது?" என்றார்.

"உங்களோடதுதான்."

அவர் சண்டைக்கு வருவார் என்று நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடி படித்தார். ஐந்து கரண்டிச் சர்க்கரை எப்போதோ கரைந்துபோன தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியாது வாத்தியாரே," என்றார் மெதுவாக. "நிறுத்துறேன்னு எனக்கே தெரியாது. சத்தியமா." அந்த முகத்தைப் பார்த்ததும் என் கொண்டாட்டம் போன இடம் தெரியவில்லை. சிவப்புப் பேனா பிடித்தவன் நான். வெட்கமாக இருந்தது.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஜாடி எத்தனை இன்னும் கிடக்கு?" என்று கேட்டார்.

ரிப்போர்ட் போன பிறகும் மிச்சக் குடலையும் கொழுப்பையும் சில வாரம் ஜாடியில் வைத்திருப்பார்கள். பிறகு எரிக்கக் கொண்டுபோகும் வண்டி வரும். அடுத்த வண்டி புதன்கிழமை. அலமாரியில் அவர் கை பட்டவற்றில், பன்னிரண்டு என்றும் சுத்தம் என்றும் எழுதப்பட்ட ஜாடிகள் ஆறு இருந்தன. ஆறு பேர், எல்லோரும் நல்ல சேதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். அலமாரிச் சாவி டாக்டர் லபீபிடம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சான்றிதழ் சுவரில் இருக்கும்போது மனிதர்களுக்கு முதுகு கொஞ்சம் விறைத்துக்கொள்கிறது.

"ரிப்போர்ட் போயாச்சு மதாம். கையெழுத்தும் போட்டாச்சு. எட்டுல நாம முதல் இடம். இப்பப் போயி கிளறினா நம்ம பேரு என்ன ஆகும்?"

"உங்க பேரு சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கு டாக்டரே, அது எங்கயும் போகாது. வண்டிதான் புதன்கிழமை போயிடும்."

டாக்டர் லபீப் சுவரைப் பார்த்தார். சாவியை எடுத்தார். எனக்கு வியப்பு என்னவென்றால், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், மேல்கோட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு கத்தியோடு மதாமின் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் தேடினார்கள். முதல் ஜாடியில் இன்னும் ஐந்து கிடைத்தன. டாக்டர் வெட்டிப் பார்த்தார், மெழுகில் பதித்து மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பினார், சுத்தம். இரண்டாவதில் ஒரு மணி நேரம் துழாவியும் ஒன்றுகூட இல்லை. மதாமுக்குத் தலைகால் புரியவில்லை. "இவனுக்கு நெஜமாவே பன்னெண்டுதான்" என்று கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு, தெருமுனைத் தள்ளுவண்டியிலிருந்து எல்லோருக்கும் மிளகாய் போட்ட ஈரல் சாண்ட்விச் வரவழைத்தார். இந்தக் கூடத்தில் இருப்பவர்கள் ஈரல் தின்பதைப் பார்த்து வெளியாட்கள் முகம் சுளிப்பார்கள்; இவர்கள் இன்னொன்று கேட்பார்கள். மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே நல்லபடியாகக் கழிந்தன. செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஆறாவது ஜாடியைத் திறக்கும்போது மதாம் நடுவரைத் திட்டும் அளவுக்குத் தெளிந்திருந்தார்.

ஆறாவது ஜாடி பயூமியுடையது. அன்ஃபூஷி கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு வண்ணம் பூசுகிறவர், அறுபத்தொரு வயது. வார்டில் இருந்தபோது, தையல் வலிக்க வலிக்கப் பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைத்து, தாதிகளிடம் திட்டு வாங்கியவர். சுத்தம் என்று சொன்ன அன்று அவர் வீட்டுக்காரர்கள் மாடி முழுக்கச் செம்பருத்திச் சர்பத் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

அந்த ஜாடியில் இன்னும் ஏழு இருந்தன. ஏழாவது, கொழுப்பின் அடியில், ரத்தக் குழாயைக் கட்டி அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அது விரலில் பட்டதும் பேச்சு நின்றது. வழக்கமான "வந்துட்டான்" வரவில்லை. வேகாத கொண்டைக்கடலை போல இறுகியிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். வெட்டி எடுத்து டாக்டரின் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேசையில் ஊன்றி நின்றார். வியாழக்கிழமை மதியம் டாக்டர் லபீப் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். "இருக்கு" என்றார்.

இருந்தால் மருந்து ஏற்ற வேண்டும். அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு நல்ல பலன் உண்டு. பயூமிக்கு ஐந்து வாரம் முடிந்திருந்தது. மூன்று வாரம் கையில் இருந்தது. அந்த ஜாடி புதன்கிழமை வண்டியில் போயிருந்தால், நோய் ஈரலில் போய் உட்கார்ந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் நான் கோட்டை மட்டும் போடுவதில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் எங்கெங்கே எண்கள் குவிந்து கிடக்கின்றன என்பதையும் வரைந்து எட்டு மருத்துவமனைகளுக்கும் அனுப்புகிறேன். போகும் இடங்களில் கொடுத்துவந்த தேநீரும் நின்றுவிட்டது.

திருத்திய ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது என்று டாக்டர் லபீப் யோசித்து வைத்திருந்தார். மறுபரிசோதனையில் கூடுதலாகத் தெரியவந்தது என்று எழுதினால் போதும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மதாமுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான். வேலைப் பட்டியலில் இல்லாத வேலையை முப்பத்தொரு வருடமாகச் செய்தவர் அவர். விசாரணை என்று ஒன்று வந்தால் முதலில் அவர் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். டாக்டர் இதை அவரிடம் அன்பாகத்தான் சொன்னார். மதாம் கேட்டுக்கொண்டே கத்தியைக் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை பயூமியை வரச் சொல்லியிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில், மனைவியோடு வந்தார். தையல் பிரித்த வடுவைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர், வாசலிலேயே ஏதோ வேடிக்கை சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அறுவை செய்த டாக்டர் ஹாஸிம் மேசைக்குப் பின்னால், பக்கத்தில் டாக்டர் லபீப், எண்களோடு நான். மதாமை யாரும் கூப்பிடவில்லை. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். டாக்டர் ஹாஸிம் நிதானமாக, நல்ல சொற்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்துச் சொன்னார். மறுபரிசோதனை என்ற சொல் மூன்று தடவை வந்தது. மருந்து ஏற்ற வேண்டும், நேரம் இருக்கிறது, அடுத்த வாரமே தொடங்கலாம். பயூமியின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோனது போல.

"நான் சுத்தம்னு சொன்னீங்களே டாக்டர்."

டாக்டர் ஹாஸிம் மறுபடி ஆரம்பித்தார். பயூமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொதத் தடவ பாத்தது யாரு?"

டாக்டர் லபீப் கண்ணாடியைத் துடைத்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலில் என் பெயரும் வர வேண்டும்.

"நான்தான்," என்றார் மதாம் கதவோரத்திலிருந்து. "பன்னெண்டு எடுத்தேன். அதோட நிறுத்திட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது."

பயூமி திரும்பி அவரைப் பார்த்தார். மனைவி முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப பாத்தது?"

"அதுவும் நான்தான்."

"இன்னும் உள்ள ஒன்னும் இல்லன்னு எத வெச்சு நம்புறது?"

"அந்த ஜாடில இனி ஒன்னும் இல்ல. மூணு தடவ தேடிட்டேன். உங்க வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் மருந்து."

திருத்திய ரிப்போர்ட் மேசையில் கிடந்தது. பன்னிரண்டு அடிக்கப்பட்டு, கீழே பத்தொன்பது. ரிப்போர்ட்டில் டாக்டர்களின் பெயருக்குத்தான் இடம் உண்டு. மதாமின் பெயர் இத்தனை வருடத்தில் எந்த ரிப்போர்ட்டிலும் வந்ததில்லை. அவர் மேசைக்கு வந்தார். டாக்டர் ஹாஸிமின் சட்டைப் பையிலிருந்து கேட்காமலே பேனாவை உருவினார். அடித்திருந்த பன்னிரண்டுக்குப் பக்கத்தில், தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று நீட்டி, ஒரு எழுத்துக்கூடச் சுருக்காமல் எழுதினார். பத்தொன்பதுக்குப் பக்கத்திலும் அதையே எழுதினார். மதாம் மை காயும்வரை தாளின் மேல் ஊதினார். பிறகு அதைப் பயூமி படிக்கத் தோதாகத் திருப்பி, அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.